உண்டியலில் போட்ட மாத்திரைகள்

என் இருமலுக்கு நான் முதலில் பழி போட்டது தவிட்டின் மேல். உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் பதினாறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவனுக்கு அதைவிட வசதியான சாக்கு கிடைக்காது. மூக்கில் தவிடு, காதில் தவிடு, சாப்பிடுகிற சோற்றில்கூட தவிடு. இருமாமல் இருந்தால்தான் அதிசயம். மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். காலையில் எழுந்தால் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தபோது, என் மனைவி லூர்து கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

மூன்று தடவை சளி எடுத்து டப்பியில் கொடுக்கச் சொன்னார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். மூன்றிலும் கிருமி இருந்தது. காசநோய். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: ஆறு மாதம் மாத்திரை, அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கும், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுக் குணம். நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து. சாகாமல் மிஞ்சிய கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிக்கொண்டு, அடுத்த தடவை அதற்கு மசியாதாம். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு என்றைக்கும் குறை கிடையாது.

அந்த மாத்திரைகளை மொத்தமாக நம் கையில் கொடுக்க மாட்டார்கள். நோயாளியின் பெயரை எழுதிய ஒரு அட்டைப்பெட்டி. அதை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். என் பெட்டி காதர் பாயிடம் போயிற்று. மில்லுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறவர். தங்கை ஒருத்தியை இதே நோய்க்குப் பலி கொடுத்தவர் என்பதால், சம்பளம் இல்லாத இந்த வேலையைத் தானாகக் கேட்டு வாங்கியிருந்தார்.

"சவரி, பேருதான் உன்னுது, பொட்டி என்னுது. ஒரு நாள் வரலைன்னு வையி, கடைய சாத்திக்கினு உன் வூட்டாண்ட வந்து நிப்பேன்" என்றார் முதல் நாளே.

அன்று மாலை சிறுநீர் செம்மண் தண்ணீர் நிறத்தில் போனதைப் பார்த்து அரண்டு போய் அவரிடம் ஓடினேன். பாய் சிரித்தார். "அது மருந்து கலருப்பா. கலர் வந்தாதான் உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. மறுபடி எடுத்த சளியில் கிருமி இல்லை. பசி வந்தது, குரல் வந்தது. அதுவரை பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்த என் மகள் ஜெசி, ஏழு வயது, தலையணையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் படுக்கத் திரும்பி வந்துவிட்டாள்.

குரல் என்று சொன்னேனே, அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊர் மாதா கோயில் சின்னது. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசகங்களை வாசித்து, நற்செய்தியையும் வாசித்து, பத்து நிமிஷம் பேசி, மன்றாட்டு எழுதி, ஜனங்களை அனுப்பி வைப்பது நான்தான். எங்கள் பக்கத்தில் மழையும் மய, பழமும் பயம். எனக்கு மட்டும் ழகரம் நாக்கில் சுத்தமாக உருளும். சாமியாரே ஒரு தடவை, "சவரி வாசிச்சா அதுக்கு மேல பிரசங்கம் தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நான் பல வருஷம் வைத்துத் தின்றேன்.

சுனாமி வந்த வருஷம் அது. அக்டோபர் மாதத்து ஞாயிறுகளில் நம்பிக்கை, நன்றி, செபம், தாழ்மை என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசகங்கள் வந்தன. சாமியாருக்கு அந்த மாதம் வேறு ஊர்களில் வேலை. எல்லாவற்றையும் நானே வாசித்தேன். முதல் ஞாயிறு, கடுகளவு நம்பிக்கை இருந்தால் ஒரு மரத்தையே கடலில் போய் நில் என்று சொல்லலாம் என்கிற பகுதி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாய் கடையில் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் இருக்கிற என் பெட்டி நினைவுக்கு வந்தது. கூசிப் போனேன். இருமல் போய்விட்டது, சளியில் கிருமி இல்லை, கடவுள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். பிறகும் மாத்திரையைத் தின்றுகொண்டு, எந்த வாயால் ஊருக்கு இதை வாசிப்பது?

அன்றோடு நிறுத்தினேன்.

பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவார், அவருக்கு இது புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் கட்டத்தில் வாரத்துக்கு ஒரு மாத்திரை அட்டை தருவார்கள். முதல் வேளை பாய் முன்னால். மற்ற இரண்டு வேளை வீட்டில். அடுத்த வாரம் வெற்று அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். நான் வீட்டு மாத்திரைகளைப் பிரித்தெடுத்து, பழைய மன்றாட்டுச் சீட்டில் மடித்து, ஞாயிற்றுக்கிழமை மாதா சுரூபத்தின் முன்னால் இருக்கிற உண்டியலில் போட்டேன். சுகமானவர்கள் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து போடுவதில்லையா, அந்த மாதிரி என் காணிக்கை. வெற்று அட்டையைத் திங்கட்கிழமை பாயிடம் கொடுத்தேன். அவர் முன்னால் போட்டுக்கொண்டதைக் கன்னத்தில் ஒதுக்கி, கடைக்குப் பின்னால் போய்ச் சாக்கடையில் துப்பினேன்.

பாய் ஒரு நாளும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு, முகத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிக்கொள்வார். வேதம் வாசிக்கிறவன் வாயைச் சோதிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிறு, சுகமான பத்துத் தொழுநோயாளிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த பகுதி. அந்த ஒருவன் நான்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறு, நீதிபதியை விடாமல் நச்சரித்து நியாயம் வாங்கிய விதவை. அந்த வாரம் முழுக்கப் பாய் என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். "சளி டெஸ்ட் ஒண்ணு பாக்கி கீது சவரி. போய்க் குடுத்துட்டு வந்துடு." மில்லில் சீசன் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். மழை என்றேன். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அந்த விதவையையும் பாயையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது ஞாயிறு பரிசேயனும் வரி வசூலிப்பவனும். ஒருவன் முன்னால் நின்று தன் பெருமையைச் சொல்லி வேண்டுகிறான். இன்னொருவன் தூரத்தில் நின்று, அண்ணாந்து பார்க்கவும் துணியாமல் மாரில் அடித்துக்கொள்கிறான். கடவுளுக்குப் பிடித்தது அவனைத்தான். பரிசேயனைப் போல மார்பை விரித்துக் காட்டி ஜனங்களைச் சிரிக்க வைத்தேன். நன்றாகவே சிரித்தார்கள்.

நவம்பரில் ஜெசிக்கு கிறிஸ்துமஸ் வாசகம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். என் மாதிரியே வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளை மடியில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, "நாக்க மடக்கு, மேல தொடு, இப்ப சொல்லு" என்பேன். அவள் என் வாயையே பார்த்து ழ சொல்லுவாள். தினமும் அரை மணி நேரம், ஒரு சாண் தூரத்தில். மாதக் கடைசியில் எனக்கு இருமல் திரும்பி வந்தது. கேட்டவர்களிடம் குளிர் என்றேன், பாய் முன்னால் அடக்கிக்கொண்டேன். லூர்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாத்திரை ஒயுங்கா துன்றியா?" என்று கேட்டாள். "பின்ன?" என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஜெசி வாசித்தாள். ஒரு ழகரம் சறுக்கவில்லை. மறுநாள் ஞாயிறு நான் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் கடலோரத்தில் கடல் ஊர்களுக்குள் வந்துவிட்டதாம் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு யாரோ ஓடி வந்து சொன்னார். கூட்டம் எழுந்து வெளியே போயிற்று. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தேன். சளியில் நூல் மாதிரி ரத்தம். மடித்து உள்பையில் வைத்துக்கொண்டேன். வாசக மேடையில் தனியாக நின்றவனுக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் அந்த மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும்.

பொங்கல் கழிந்து ஜெசிக்குக் காய்ச்சல். பெரிய காய்ச்சல் இல்லை, லேசாக, விடாமல். விளையாடப் போக மாட்டாள். தலை வலிக்குது என்பாள். சாப்பிட்டது வாந்தியில் வரும். பக்கத்து ஊர் டாக்டரிடம் இரண்டு தடவை காட்டினோம், ஊசி போட்டார். பத்து நாளில் அவள் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள்.

அப்போதுதான் பாய் வந்தார். என் மாத்திரைக் கணக்கு டிசம்பரோடு முடிந்துவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனை மட்டும் பாக்கி. அதற்காகக் கடையைச் சாத்திவிட்டு, சொன்னபடியே வீட்டு வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு உன்ன இட்டுக்கினு போவாம நகரமாட்டேன்." அதற்குள் என் இருமலைக் கேட்டார். முகம் மாறியது. உள்ளே வந்து ஜெசியைப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே கை கொடுத்து தலையைத் தூக்கப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, பலகை மாதிரி உடம்பு முழுக்கச் சேர்ந்து எழும்பியது.

"யா அல்லா" என்றார். அரை மணியில் வேன் வந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஜெசியை அவர் மடியிலேயே வைத்திருந்தார். என்னை முன் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்.

குழந்தைகள் வார்டில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர் பார்த்தார். முதுகுத்தண்டில் ஊசி விட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். ஜெசியைச் சுருட்டிப் பிடித்தார்கள். அவள் அழவில்லை. அழாததுதான் எங்களைக் கொன்றது. சாயங்காலம் டாக்டர் வந்து, நுரையீரலில் வருகிற அதே காசநோய் குழந்தையின் மூளை உறையில் வந்திருக்கிறது, நாளாகிவிட்டது என்றார்.

"வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா?"

"இவருக்கு இருந்துச்சும்மா. மாத்திரையெல்லாம் முடிச்சிட்டாரு" என்றாள் லூர்து.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஒரு வேளை கூட விடாம சாப்பிட்டீங்களா?"

பாய் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லூர்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டேம்மா" என்றேன். அட்சர சுத்தமாக.

அதை நம்பித்தான் டாக்டர் வழக்கமான மருந்துகளை ஆரம்பித்தார். என் சளியில் கிருமி நிறைய இருந்ததால் என்னைக் காம்பவுண்டின் அந்தக் கோடியில் உள்ள வார்டில் சேர்த்தார்கள். குழந்தைகள் வார்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. நடுவில் ஒரு வேப்ப மரம். அதுவரை போகலாம். தினமும் காலை பத்து மணிக்கு நான் அந்த மரத்தடியில் துணியால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். லூர்து ஜன்னலுக்கு வந்து கையை ஆட்டுவாள். உள்ளங்கையைக் கீழே காட்டினால் ஜெசி அப்படியே இருக்கிறாள் என்று அர்த்தம். ஆறு நாளும் உள்ளங்கை கீழேதான் இருந்தது. ஏழாம் நாள் அவள் கையே ஆட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ஜெசிக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பாய் வந்து சொன்னார்.

அவர் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருந்தார். லூர்துக்கு இட்லி, எனக்கு அவித்த முட்டை, ஜெசிக்கு இளநீர். "டாக்டரம்மா மண்டைய பிச்சிக்கினு கீறாங்க சவரி. மருந்துக்கு இந்நேரம் கேட்டிருக்கணும், ஏன் கேக்கலைன்னு புரியலையாம்" என்றார். எனக்குப் புரிந்தது. மரத்தடியில் நின்று செபம் செய்ய முயன்றேன். நாக்கில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. இருபது வருஷம் ஊருக்கே மன்றாட்டு எழுதிக் கொடுத்த ஆள் நான்.

அன்று மத்தியானம் சாமியார் பார்க்க வந்தார். பாயும் இருந்தார். நலம் விசாரித்துவிட்டு, சாமியார் தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "உண்டியல் தொறந்தோம் சவரி. காசுக்கு நடுவுல இது நெறைய இருந்துச்சு. யார் போட்டதுன்னு தெரியலை. சீட்டுல கையெழுத்து உன்னுதா இருக்குது."

பிரித்தார். சிவப்புக் கேப்சூல்கள், வெள்ளை மாத்திரைகள். மடித்திருந்த சீட்டில் என் முத்து முத்தான எழுத்து: நோயாளிகளுக்காக மன்றாடுவோம்.

பாய் ஒரு கேப்சூலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு அது தெரியாதா என்ன. "வூட்டுக்குக் குடுத்ததா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "என் எதிர்க்க போட்டுக்கினது?"

"துப்பிட்டேன் பாய்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "வாயத் தொறன்னு ஒரு தடவை சொல்லியிருக்கணும் நானு. வெக்கப்பட்டுக்கினு உட்டுட்டேன். தப்பு எம்மேலதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பொட்டலத்தைச் சாமியார் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, குழந்தைகள் வார்டை நோக்கி ஓடினார். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் அவர் ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாலாவது ஞாயிறு நான் நடித்துக் காட்டிய கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேப்ப மரத்தடியில் தூரத்தில் நின்றேனே, அதனால் நான் வரி வசூலிப்பவன் ஆகிவிட முடியாது. நான் நின்றது உத்தரவால். கடவுளுக்குப் பிடித்த அந்த மனுஷன் தொப்பி போட்டுக்கொண்டு என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் லூர்துவைக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தைக்கு வந்திருப்பது அந்த மருந்துகளுக்குப் பழகிப்போன கிருமியாக இருக்கலாம்; வேறு மருந்தும் தினம் ஒரு ஊசியும் சேர்க்க வேண்டும்; அந்த ஊசி சில குழந்தைகளுக்குக் காதைப் பாதிக்கும்; நோயே காதைப் பாதித்தாலும் பாதிக்கும். கையெழுத்து கேட்டார். லூர்து, "காது போனா போவுதும்மா, எனக்குப் புள்ள வோணும்" என்று சொல்லிப் போட்டாளாம். மறுநாள் அவள் மரத்தடிக்கே வந்தாள். நாலு அடி தள்ளி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவளுக்கு நீ சொல்லிக் குடுத்த அந்த எயவு வாசகத்த நேத்து நெனவு தப்பின அப்பக்கூட மொணகிக்கினு இருந்தா" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். பல நாள் என்னோடு அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் கஞ்சி மட்டும் நேரத்துக்கு வந்தது.

பதினோராம் நாள் ஜன்னலில் அவள் உள்ளங்கை மேலே திரும்பியது.

ஜெசி பிழைத்தாள். கண் திறந்தாள், கஞ்சி குடித்தாள், ஒரு மாதம் கழித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வார்டில் தட்டு கீழே விழுந்து எல்லோரும் திடுக்கிட்டபோது அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் தெரிந்துகொண்டோம். நோயா, ஊசியா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. எனக்குப் பதில் தெரியும்.

இப்போது நானும் ஜெசியும் வீட்டில் இருக்கிறோம். என் சளியைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள், எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்க. முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் வாசலுக்கு வந்து நிற்கிறேன். ஞாயிறுகளில் கோயில் கதவோரம், காற்று போகிற இடத்தில் நிற்கிறேன். டீச்சர் ட்ரெயினிங் படிக்கிற ஒரு பெண் வாசிக்கிறாள். மழையை மய என்றுதான் வாசிக்கிறாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுகிறது.

பாய் கடையில் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் இப்போது இரண்டு பெட்டிகள். ஒன்றில் என் பெயர், ஒன்றில் ஜெசி பெயர். இருவரும் கை கோத்துக்கொண்டு போவோம். அவள் முதலில் போட்டுக்கொள்வாள். பிறகு நான். பாய் டம்ளரை நீட்டிவிட்டு, இன்றைக்கும் பழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜெசி திருப்பிக்கொள்வதில்லை. என் முன்னால் வந்து நின்று, முன்பு வாசகம் படித்த அதே தூரத்தில், என் வாயைப் பார்க்கிறாள். "முழுங்கிட்டேன்மா" என்கிறேன். என் குரல் அவளுக்குக் கேட்காது. கேட்காததால் நம்புவதும் இல்லை.

"வாயத் தொற நைனா" என்கிறாள். திறக்கிறேன். "நாக்கத் தூக்கு." தூக்குகிறேன். சின்ன விரலை என் கன்னத்துக்குள் விட்டு, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்கிறாள்.